உப்பு ஜாஸ்தி

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்தது. நல்ல பேர்தான், வாய் நிறையக் கூப்பிடலாம். கல்யாணமாகி வந்த முதல் மாதத்திலேயே அது காணாமல் போய், உப்புமூட்டை என்ற பேர் வந்து ஒட்டிக்கொண்டது. மூலைக்கடைக்காரன் முதல் பால் ஊற்றுகிறவன் வரை எல்லோருக்கும் அவள் உப்புமூட்டைதான். கட்டின புருஷனே கொஞ்சுவதாக நினைத்துக்கொண்டு "மூட்டை, மூட்டை" என்பான். கொஞ்சுகிற மூஞ்சியைப் பாரு! செத்தவனைத் திட்டக்கூடாது என்பார்கள், அதனால் இத்தோடு விடுகிறேன். ஆனால் அந்தப் பட்டப்பேரால் நான் அவளைக் கூப்பிடப் போவதில்லை. சட்டைக் கம்பெனியில் காலர் தைத்தே கண்ணைத் தேய்த்துக்கொண்டவள் அவள். தையல்காரி என்றே சொல்கிறேன்.

பேர் எப்படி வந்தது என்று கேளுங்கள். புது மருமகள் கையால் ஒரு வேளை சாப்பிட வேண்டும் என்று புருஷன் வீட்டுச் சொந்தம் மொத்தமும் ஒருநாள் வந்து இறங்கியது. தையல்காரி பயந்து பயந்து, ஆனால் ஆசையாகவும் சமைத்தாள். வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, கோழியும் உருளைக்கிழங்கும் போட்டு ஒரு பெரிய பானை நிறையக் குழம்பு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஓர்ப்படி, அதாவது புருஷனுடைய அண்ணன் பெண்டாட்டி, "அடேயப்பா, வாசனை தூக்குதே! யாரு கை இது?" என்று கூவினாள். தையல்காரிக்கு வெட்கத்தில் காது சூடாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் நாத்தனார் சமையலறைக்குள் வந்தாள். புருஷனுக்கு அக்கா. அதற்கு முந்தின வருஷம் அவளும் அவள் வீட்டுக்காரரும் ஒரே நேரத்தில் விஷக்காய்ச்சலில் விழுந்தார்கள். அவர் போய்விட்டார், இவள் மட்டும் எலும்பும் தோலுமாகப் பிழைத்து எழுந்து, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்கே வந்து சேர்ந்திருந்தாள். வந்த நாளிலிருந்து அடுப்பு அவளுடையது. அவள் கரண்டியை எடுத்துக் குழம்பில் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கினாள். மூஞ்சியை அஷ்டகோணலாக்கினாள். "தூ! கடல் தண்ணியே தேவலை! இதை வாயில வெச்சா வந்தவங்க என்ன ஆவாங்க?" என்று வீடே கேட்கக் கத்தினாள். கத்தினதோடு நிற்கவில்லை. துணியை வைத்துப் பானையைத் தூக்கி, கொல்லைச் சாக்கடையில் மொத்தத்தையும் கவிழ்த்தாள். வேறு ஒருத்தர் நாக்கிலும் ஒரு துளி படவில்லை.

வந்திருந்தவர்களுக்கு அன்றைக்கு ரொட்டியும் முட்டையும்தான். ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே ஓர்ப்படி, "நல்ல உப்புமூட்டையைப் பார்த்துக் கட்டியிருக்கான் என் கொழுந்தன்" என்றாள். வீடே சிரித்தது. புருஷனும் சிரித்தான். தையல்காரி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். பூமி பிளந்து தன்னை விழுங்கிக்கொள்ளாதா என்று இருந்தது அவளுக்கு.

அதற்குப் பிறகு அவளுக்கு அடுப்புப் பக்கம் போக அனுமதி இல்லை. காய் நறுக்கலாம், பாத்திரம் தேய்க்கலாம், தண்ணீர் பிடித்து வைக்கலாம். தாளிக்கக் கூடாது, கிண்டக் கூடாது, உப்பு ஜாடியைத் தொடவே கூடாது. அந்த ஜாடியின் கழுத்தில் ஒரு வளைந்த கரண்டியை நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தாள் நாத்தனார். எத்தனை பேருக்குச் சமையலோ அத்தனைக்குக் கணக்காக அந்தக் கரண்டியால் தலை வழித்து அளந்து போடுவாள். ஒருநாளும் கொதிக்கிறதிலிருந்து ருசி பார்க்க மாட்டாள். "எச்சில் படுத்திச் சமைக்கறவ நான் இல்ல" என்பாள். வந்து போகிறவர்களெல்லாம் மூக்கின்மேல் விரலை வைப்பார்கள். "ருசி பார்க்காமலே இப்படி ஒரு கை நிதானமா!" தையல்காரியும் அப்படித்தான் நினைத்தாள். என்ன செய்ய, வாய் கிழியப் புகழ்ந்தவர்களில் அவளும் ஒருத்தி.

இதைவிடக் கொடுமை கம்பெனியில் நடந்தது. மத்தியானம் தையல் மிஷின்கள் ஓய்ந்ததும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார்கள். இவள் டப்பாவில் இருப்பது நாத்தனார் சமைத்தது. பட்டன் வைக்கிறவள் ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க கையைக் கொடுங்க, வளையல் போடறேன்" என்பாள். "என் கை இல்ல, எங்க நாத்தனார் கை" என்று சொல்லிச் சொல்லியே இவளுக்கு வாய் கசந்துபோனது. கம்பெனியில் எல்லோரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிற நாளில், "எனக்குக் கையில உப்பு நிக்காது" என்று ஒதுங்கி, வெங்காயம் உரித்தாள். அவள் அதை நம்பினாள், அதுதான் வயிற்றெரிச்சல். தன் கை மட்டுமில்லை, நாக்கே மட்டம், மற்றவர்களுக்குத் தெரிகிற உப்பு தனக்குத் தெரியவில்லை என்று நிஜமாகவே நம்பிவிட்டாள். ஒரு பொம்பளையிடமிருந்து அவள் நாக்கையே பிடுங்கிக்கொள்ள முடியுமா? முடியும். நாத்தனார் பிடுங்கினாள்.

காலம் போச்சு. புருஷன் போய்ச் சேர்ந்தான். மகள் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிப் போனாள். நாத்தனார் மகன் பஸ் டிரைவர் ஆகி, தனியாக வீடு பார்த்துக்கொண்டான். பழைய வீட்டில் மிஞ்சியது இரண்டு கிழவிகள். அப்போதும் அடுப்பு நாத்தனாருடையதுதான். ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்து, உள்ளே தகடு வைத்து அனுப்பினார்கள். டிரைவர் குடியிருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. "அத்தை, கொஞ்ச நாள் அம்மாவை நீங்கதான் பார்த்துக்கணும்" என்று தையல்காரியிடம் கையைப் பிடித்துக்கொண்டான். டாக்டர் வேறு, ரத்தக்கொதிப்பு இருக்கிறது, குழைவாகச் செய்து கொடுங்கள், உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

இத்தனை வருஷம் கழித்துத் தையல்காரி அடுப்பு முன்னால் வந்து நின்றாள். பெரிய சமையல் ஒன்றுமில்லை. ஒரு கைப்பிடி அரிசி, ஒரு கைப்பிடி பருப்பு, பொடியாக நறுக்கின கேரட், எல்லாம் ஒரே குக்கரில். நின்றால் முழங்கால் வலி, அதனால் அடுப்புப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டாள். விரல் மடங்காததால் கத்திப்பிடியில் பழைய துணியைச் சுற்றிக்கொண்டாள். வெந்ததை மத்தால் மசித்து, கடைசியில் கொஞ்சம் வெங்காயத்தை வதக்கிப் போட்டாள். இரண்டு கிழவிகளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஜாடியில் கட்டின கரண்டியை நூலோடு அறுத்துத் தூர வைத்துவிட்டு, விரல் நுனியால் உப்பைக் கிள்ளிப் போட்டாள். டாக்டர் சொன்னபடி கம்மியாகத்தான் போட்டாள்.

கட்டிலில் தலையணையை முட்டுக் கொடுத்து நாத்தனாரை உட்காரவைத்து, கிண்ணத்தைக் கையில் கொடுத்தாள். நாத்தனார் ஒரு ஸ்பூன் எடுத்தாள். கண்ணை மூடினாள். "உப்பு ஜாஸ்தி" என்றாள்.

மறுநாள் இன்னும் குறைத்தாள். உப்பு ஜாஸ்தி. அதற்கு மறுநாள் இன்னும் குறைத்தாள். "ஜென்மத்துக்கும் நீ திருந்த மாட்டியா? டாக்டர் என்னைக் காப்பாத்தினான், நீ சாகடிக்கப் பார்க்கறே!" மகள் ஒருநாள் வந்து சாப்பிட்டுவிட்டு, "அம்மா, அருமையா இருக்கும்மா. என் வீட்டுக்கும் ஒரு டப்பா கட்டிக் கொடு" என்றாள். பெற்ற பாசத்தில் சொல்கிறது பிள்ளை என்று நினைத்துக்கொண்டாள் தையல்காரி.

கேட்டுக் கேட்டு ஒருநாள் காலையில் அவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. 'ஜாஸ்தியா? இரு, இன்னிக்கு உனக்கு ஒரு கல்லுகூடக் கிடையாது. வாயில வெச்சு விளங்காம முழி, வாயைத் திறந்து உப்பு கேளு, கெஞ்சு. அப்பத்தான் தருவேன்.' இப்படி மனசுக்குள் கறுவிக்கொண்டே ஒரு பொட்டு உப்பு போடாமல் இறக்கினாள். ஜாடியின் மூடியைக்கூடத் திறக்கவில்லை.

நாத்தனார் ஒரு ஸ்பூன் எடுத்தாள். கண்ணை மூடினாள்.

"உப்பு ஜாஸ்தி."

தையல்காரி அப்படியே நின்றுவிட்டாள். சமையலறைக்குப் போய்க் குக்கரில் மிச்சமிருந்ததை வழித்து வாயில் போட்டாள். சப்பென்று இருந்தது. உப்பு இல்லை, அவள் நாக்கு தெளிவாகச் சொல்லியது. வேண்டுமென்றே வம்புக்குச் சொல்கிறாளோ? சொல்லக்கூடியவள்தான். சோதித்துவிட வேண்டும் என்று மறுநாள் உப்புக்குப் பதில் இரண்டு கரண்டி சர்க்கரையைப் போட்டுக் கலக்கிக் கொடுத்தாள். நாத்தனார் நிதானமாகச் சாப்பிட்டாள், பாதிக் கிண்ணம் காலியானது. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை, புருவம் அசையவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, "இன்னிக்கும் உப்பு ஜாஸ்திதான். ரெண்டு கல்லு கொறைச்சாக் குறைஞ்சா போயிடுவே?" என்றாள்.

தையல்காரி கொல்லைக்குப் போனாள். அந்தச் சாக்கடைப் பக்கத்தில், துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். ருசியே தெரியாத நாக்கு. நூல் கட்டின அந்த அளவுக் கரண்டியும், ருசி பார்க்காத வீராப்பும் இதற்குத்தான் போலிருக்கிறது. அந்த நாக்கு சொன்னதை வைத்துத்தான் அவள் பேர் போனது, கை போனது, வாய் போனது. கம்பெனியில் வெங்காயம் உரித்தது, புருஷன் கொஞ்சினது, எல்லாம் வரிசையாக வந்து முன்னால் நின்றன. அவள் அழவில்லை. "அடிப்பாவி" என்று ஒருமுறை மெதுவாகச் சொன்னாள். நல்ல கோபம் வந்தால் மனுஷிக்குப் பசிக்கும் போலிருக்கிறது. உள்ளே போய் ஒரு முட்டையைப் பொரித்து, தன் கையால் உப்புப் போட்டுச் சாப்பிட்டாள். சரியாக இருந்தது. சரியாக இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது.

அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நாலு சுவருக்குள் கேட்டு என்ன பிரயோஜனம்? பேர் போனது எல்லோர் முன்னாலும், அப்படியென்றால் வருவதும் எல்லோர் முன்னாலும்தான் வர வேண்டும். காத்திருந்தாள். தினமும் அவள் கிண்ணத்தில் டாக்டர் சொன்ன உப்பைச் சரியாகப் போட்டாள், தினமும் "உப்பு ஜாஸ்தி" என்பதைக் கேட்டாள், "சரிங்க அண்ணி, குறைச்சுக்கறேன்" என்று தேனாகப் பேசினாள். மகளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "என்னம்மா, திடீர்னு அத்தை மேல இவ்வளவு பாசம்?" என்று கேட்டாள். "வயசாச்சு பாவம்" என்றாள் தையல்காரி. கள்ளி!

நாத்தனார் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடக்க ஆரம்பித்ததும் டிரைவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூப்பிட்டுச் சாப்பாடு போடலாம், கடையில் சொல்லிவிடுகிறேன் என்றான். "கடை எதுக்கு? நான் சமைக்கறேன்" என்றாள் தையல்காரி. "அத்தை, நீங்களா?" "நானேதான். உங்க பெரிய மாமியையும் மறக்காம கூட்டிட்டு வா." பெரிய மாமி என்றால் பேர் வைத்த அந்த ஓர்ப்படி. கிழம் இன்னும் கிண்ணென்று இருந்தாள்.

அதே பானை. அதே கோழி, அதே உருளைக்கிழங்கு. ஒரு நாழிகைக்கு ஒருமுறை உட்கார்ந்து எழுந்தாலும், வெங்காயத்தை மட்டும் வேறு யார் கையிலும் கொடுக்காமல் தானே வதக்கினாள். நாத்தனாருக்கு என்று தனியாக ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து வைத்தாள். அதில் உப்பு இல்லை, சர்க்கரை. சொந்தமெல்லாம் வந்து கூடத்தில் நாற்காலியிலும் பாயிலுமாக நெருக்கி உட்கார்ந்தது. தட்டுகள் வைத்தாயிற்று. தையல்காரி கிண்ணத்தைக் கொண்டுவந்து நாத்தனார் முன்னால் வைத்தாள்.

"அண்ணி, உப்பு பார்த்துச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் பரிமாறுவேன்."

நாத்தனாருக்குப் பெருமை தாங்கவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ஒரு ஸ்பூன் எடுத்து, கண்ணை மூடி, சப்புக்கொட்டினாள். கூடம் காத்திருந்தது.

"உப்பு ஜாஸ்தி" என்றாள்.

ஓர்ப்படி தொடையில் தட்டிச் சிரித்தாள். "அடியே உப்புமூட்டை, நீ மாறவே மாட்டியா?" கூடமே சிரித்தது, அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு. தையல்காரி அவர்களைச் சிரிக்கவிட்டாள். சிரித்து ஓயட்டும் என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஓய்ந்ததும் கிண்ணத்தை எடுத்து ஓர்ப்படியிடம் நீட்டினாள். "நீங்களும் ஒரு வாய் பாருங்கக்கா. அன்னிக்குத்தான் யாரும் பார்க்கலை."

ஓர்ப்படி வாயில் வைத்தாள். கண் விரிந்தது. "ஐயய்யே! என்னடி இது, இனிக்குது!"

டிரைவர் பிடுங்கி ஒரு வாய் வைத்தான். அவன் பெண்டாட்டி வைத்தாள். தையல்காரியின் மகள் வைத்தாள். கிண்ணம் ஒரு சுற்று வந்தது. நாத்தனார், "எனக்குச் சளி… மாத்திரை சாப்பிட்டு வாயெல்லாம் ஒரு மாதிரி…" என்று இழுத்தாள்.

"சளியா?" என்றாள் தையல்காரி. "ஒருநாள் உப்பே போடாம கொடுத்தேன், ஜாஸ்தின்னீங்க. மறுநாள் சர்க்கரை போட்டேன், அதுக்கும் ஜாஸ்தின்னீங்க. எப்பலேர்ந்து சளி, அண்ணி?"

டிரைவர் அம்மா பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். "அம்மா, உனக்கு ருசி தெரியலையா? எப்பலேர்ந்து? ஏன் சொல்லலை?"

நாத்தனார் எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள். தப்பிக்க வழியில்லை என்று தெரிந்ததும் முதுகை நிமிர்த்திக்கொண்டாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. "உங்கப்பாவைக் கொண்டுபோச்சே, அந்தக் காய்ச்சல்லேர்ந்து. மண்ணைத் தின்னாலும் ஒண்ணுதான், மாவைத் தின்னாலும் ஒண்ணுதான்."

ஓர்ப்படி கணக்குப் போட்டுப் பார்த்தாள். அந்தக் காய்ச்சல் இந்தக் கல்யாணத்துக்கு முந்தி. "அப்போ அன்னிக்கு ஊத்தினீங்களே அண்ணி, அந்தப் பானை? அதுல உப்பு ஜாஸ்தின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது" என்றாள் நாத்தனார். "நாக்குதான் செத்துது. மூக்கு நல்லாத்தான் இருந்துச்சு. நீதானே வாசல்ல நின்னு வாசனை தூக்குதுன்னு கத்தினே? எனக்கும் வந்துச்சு. நான் சமைச்சு ஒருநாளும் அப்படி வாசனை வந்ததில்லை. நீங்கள்லாம் ஒரு வாய் வெச்சிருந்தா அடுப்பு அன்னிக்கே இவ கைக்குப் போயிருக்கும். கைக்குழந்தையோட வந்தவ நான், அடுப்பும் போச்சுன்னா என்னை எதுக்கு வெச்சிருப்பீங்க? ஊத்திட்டேன்."

தையல்காரி ஓரடி முன்னால் வந்தாள். செத்த நாக்கு ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டது என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள். நன்றாக இருக்கிறது என்று தெரிந்தே ஊற்றியிருக்கிறாள்!

"தெரிஞ்சே ஊத்தினீங்க."

"ஆமா."

"அதுக்கப்புறம் ஒருநாளாவது, ஒரே ஒருநாளாவது, சொல்லியிருக்கலாமே."

ஓர்ப்படி சங்கடமாக நெளிந்தாள். "விடும்மா, என்னமோ அந்தக் காலம். வயசானவங்க, விட்டுடு."

"எனக்கும்தான் வயசாச்சு, அக்கா" என்றாள் தையல்காரி. "எனக்கு நாக்கு இருக்குன்னு இந்த வயசுலதான் எனக்கே தெரிஞ்சுது. போன வருஷத்தையெல்லாம் நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?"

பிறகு பானையைத் தூக்கிக்கொண்டு வந்து பரிமாறினாள். சாப்பிட்டார்கள். முதலில் தலை குனிந்து சாப்பிட்டார்கள், கொஞ்ச நேரத்தில் விரலை நக்கிச் சாப்பிட்டார்கள். ஓர்ப்படி மூன்றாவது தடவை தட்டை நீட்டினாள், பேர் சொல்லிக் கூப்பிட வாய் வராமல் "இந்தாம்மா" என்றாள். தையல்காரிக்கு வயிறு குளிர்ந்தது. பொய் எதற்கு, நன்றாகவே குளிர்ந்தது.

கடைசியில் தையல்காரி நாத்தனாருக்கு ஒரு தட்டை எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் நின்றாள். "இன்னிக்கு விருந்து, அதனால தர்றேன். நாளையிலேர்ந்து என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் கிண்ணம் வரும்."

"எந்தப் பேரு?"

"நீங்கதானே பிடுங்கினீங்க. நீங்களே தேடி எடுங்க."

மறுநாள் காலையில் வழக்கம்போலக் கைப்பிடி அரிசி, கைப்பிடி பருப்பு, கேரட். முக்காலியில் உட்கார்ந்து மசித்தாள். உப்பைக் கிள்ளிப் போட்டு, ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டாள். வேண்டுமென்றே வெங்காயத்தைக் கொஞ்சம் அதிகமாகவே வதக்கி, கட்டில் அறைக் கதவை நன்றாகத் திறந்து வைத்தாள். மூக்கு நன்றாக இருக்கிறதல்லவா, மோந்து பார்க்கட்டும்.

"ஏம்மா" என்று குரல் வந்தது. அவள் அசையவில்லை.

"ஏய், உப்…" என்று ஆரம்பித்து நின்றது. கட்டில் கிரீச்சிட்டது. வாக்கர் தரையில் தட்டிக்கொண்டு கதவுவரை வந்தது. அங்கேயே நெடுநேரம் நின்றது.

பிறகு நாத்தனார் அந்தப் பேரைச் சொன்னாள். பெற்றவர்கள் வைத்த பேர், முழுசாக, ஓர் எழுத்து குறையாமல். மறக்கவே இல்லை போலிருக்கிறது, பாவி.

அவள் அடுப்பை அணைத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"காது சரியா விழலை, அண்ணி. இன்னொரு தடவை கூப்பிடுங்க" என்றாள்.